பதினைந்து வயதுப் பிள்ளையை லோக்கல் ரயிலில் தனியாக அனுப்புவது எப்படி?

வீடு சென்னை குரோம்பேட்டையில். மகளுக்கு வயலின் வகுப்பு மேற்கு மாம்பலத்தில், சனிக்கிழமை மாலைகளில். பத்தாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதமே சொல்லிவிட்டாள்: "அம்மா, இனிமே நீ வர வேணாம். நானே போய்க்கிறேன்." காலையில் எழுப்ப மூன்று தடவை கூப்பிட வேண்டிய பிள்ளை. நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடும் பிள்ளை. "போகட்டும்" என்றார் அவள் அப்பா. "கூடவே கூடாது" என்றார் என் மாமியார். ஆறு வாரத்தில் தனியாகப் போய்வரப் பழகிவிட்டாள். முதல் முறை பிள்ளையை அனுப்பப்போகும் அம்மா அப்பாக்களுக்காக நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: அவள் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள்

முதல் சனிக்கிழமை கூடவே போனேன், ஆனால் வழி சொல்லவில்லை. டிக்கெட் கவுண்டரில் அவள்தான் நின்றாள். "மாம்பலம் ரிட்டர்ன் ஒண்ணு" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. உள்ளே இருந்தவர் இரண்டு தடவை "எங்கம்மா?" என்றார். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கவுண்டர்காரரும் திரும்பிப் பார்த்தார். அதோடு அந்தக் கூச்சம் போனது. நான் சொல்லியிருந்தால் அடுத்த வாரமும் நான்தான் சொல்லியிருப்பேன்.

இறங்கும் இடத்தைப் பிள்ளைகள் பெயர்ப்பலகை பார்த்துக் கண்டுபிடிக்கும் என்று நம்பாதீர்கள். கூட்டத்தில் பலகை தெரியாது. அடையாளங்களைச் சொல்லிக்கொடுங்கள். குரோம்பேட்டையிலிருந்து மாம்பலம் எட்டாவது நிறுத்தம். திரிசூலத்தில் எதிரே விமான நிலையம். கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ரயிலின் சத்தம் மாறும், அப்போது வயலினைத் தோளில் மாட்ட வேண்டும். சைதாப்பேட்டை வந்ததும் வாசல் பக்கம் நகர வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே பாலத்தைச் சொல்லிப் பழகினாள்.

மூன்று விஷயங்களில் மட்டும் பேரம் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். தண்டவாளத்தைத் தாண்டக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் படியேறித்தான் போக வேண்டும். நகரும் ரயிலில் ஏறவோ இறங்கவோ கூடாது, அடுத்தது வரும். சாதாரண டிக்கெட்டோடு முதல் வகுப்பில் ஏறக் கூடாது. கூட்டமில்லாமல் காலியாகத் தெரிந்தால் பிள்ளைகள் அதில்தான் போய் ஏறும். 5 ரூபாய் டிக்கெட்டை வைத்துக்கொண்டு டி.டி.இ-யிடம் மாட்டினால் அபராதம் மட்டும் குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி. பெண்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

படி 2: அதே ரயில், வேறு பெட்டி

இரண்டு வாரம் அவள் பெண்கள் பெட்டியிலும் அப்பா பொதுப் பெட்டியிலும் போனார்கள். வழக்கமாக நாம் செய்ய மறந்துவிடுவது ஒன்று உண்டு. தப்பு நடந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பிள்ளையின் வாயால் சொல்ல வையுங்கள். மாம்பலத்தைத் தவறவிட்டால்? "கோடம்பாக்கத்துல இறங்கி, எதிர்ப் பிளாட்பாரம் போய், திரும்பி வருவேன்." யாராவது தொந்தரவு செய்தால்? "சத்தம் போட்டு, பக்கத்துல இருக்கற ஆன்ட்டிகிட்ட போவேன், 139-க்குப் பண்ணுவேன்." அது ரயில்வே உதவி எண். குழந்தைகளுக்கான 1098, அவசரத்துக்கு 112, இரண்டையும் வீட்டு எண்ணோடு ஒரு சீட்டில் எழுதி வயலின் பெட்டிக்குள் வைத்தோம், போன் அணைந்தாலும் சீட்டு இருக்கும் என்று. 200 ரூபாயை இரண்டாகப் பிரித்துப் பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று.

படி 3: தனியாக

இரண்டே மெசேஜ் என்று பேசிக்கொண்டோம். ரயில் ஏறியதும் "ஏறிட்டேன்", வகுப்புக்குப் போனதும் "வந்துட்டேன்". நடுவில் நாம் போன் செய்யக் கூடாது. கூட்டத்தில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் வயலின். போனை எடுக்க மூன்றாவது கை வேண்டும்.

இரண்டாவது வாரமே மெசேஜ் சுருங்கிவிட்டது. "ஏ" என்று ஒன்று, "வ" என்று ஒன்று. "என்னடி இது, பாதியில நிறுத்திட்டா? யாராவது போனைப் பிடுங்கிட்டாங்களா?" என்று மாமியார் பதறிவிட்டார். இப்போது அவரும் பூக்காரம்மா வந்தால் எனக்கு "பூ" என்று அனுப்புகிறார்.

படி 4: தவறு நடக்கும், நடக்கட்டும்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை "வ" முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. ராத்திரி சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது. மாம்பலத்தில் இறங்கியதும் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு தி.நகர் பக்கம் போய்விட்டது. 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறி, கூட்டம் போன போக்கிலேயே நடந்து, பஸ் நிலையத்தில் போய் நின்றிருக்கிறாள். வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பூக்கார அக்காவிடம் வழி கேட்டிருக்கிறாள். "திரும்பி நட கண்ணு, எல்லாரும் வர்றாங்களேன்னு பாக்காத" என்றாராம் அவர். திரும்பி வரும் வழியில் ஒரு ஹேர் கிளிப்பும் வாங்கியிருக்கிறாள். "அவ்ளோ தூரம் போய்ட்டேன், சும்மா வர முடியுமா?"

"ஏன் எனக்கு போன் பண்ணல?" என்று அன்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த தவறு சாப்பாட்டுத் தட்டுக்கு வராது. "கிளிப் எவ்வளவு?" என்று கேட்டேன். மீதிக் கதை முழுதும் வந்தது.

நடுவில் ஒன்று. லோக்கலில் பழகியதும் அடுத்து ஸ்கூட்டர் கேட்பார்கள். அதில் இந்தப் படிகள் எதுவும் செல்லாது. 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் உரிமம், மற்றதற்கு 18 ஆக வேண்டும். மீறிக் கொடுத்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியை எடுத்து உள்ளே வையுங்கள்.

படி 5: ஒருவரைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்

வழி முழுதாகப் பிடிபட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. போன மாதம் மாமியார் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அயோத்தியா மண்டபம் போக வேண்டும் என்றார். "நான் கூட்டிட்டுப் போறேன் பாட்டி" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போதே பாடம் ஆரம்பித்துவிட்டது: "முதல் வகுப்புல ஏறக் கூடாது பாட்டி. ஆத்துப் பாலம் வந்தா எந்திரிச்சுடணும். கூட்டம் போற பக்கம் போகக் கூடாது."

அரை மணி கழித்து மாமியாரிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. "ஏ".