துல்லியம் என்று எழுதும்போது

'விபத்து துல்லியமாக இரவு சுமார் 10.20 மணி அளவில் நடந்தது.' மெய்ப்புப் பார்க்கையில் இப்படி ஒரு வரி வந்தால் என் பேனா அங்கேயே நின்றுவிடும். துல்லியமும் சுமாரும் ஒரே வரியில் இருக்க முடியாது. 'சுமார்' வந்தபின் 'அளவில்' எதற்கு? நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால் 'சுமார் 10.20 மணிக்கு' என்றே எழுதலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

துல்லியம், 'துல்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஒப்பான, சமமான என்று பொருள். தராசைக் குறிக்கும் துலா இதே குடும்பம்தான். துலாபாரத்தில் ஒரு தட்டில் ஆள், மறுதட்டில் வெல்லமோ வாழைப்பழமோ. இரண்டும் சமமாக நின்றால்தான் காணிக்கை நிறையும். உண்மையையும் நாம் எழுதும் எண்ணையும் அப்படி எதிரெதிர் தட்டில் வைத்துப் பாருங்கள், இந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று புரிந்துவிடும்.

எழுத்துப்பிழையும் நிறையப் பார்க்கிறேன். 'துள்ளியம்' என்று ஒரு சொல் கிடையாது, கன்றுக்குட்டிதான் துள்ளும். ஒற்றையும் விட்டுவிடாதீர்கள்: துல்லியமாகக் கணித்தார், துல்லியமாகச் சொன்னார்.

பெரிய குழப்பம் 'சரி'யோடு வருகிறது. ஒரு விடை சரி, அல்லது தவறு. துல்லியத்துக்கோ படிகள் உண்டு. வட்டக் கணக்கில் வரும் பையின் (π) மதிப்பை 3.14 என்றால் சரி, 3.1416 என்றால் இன்னும் துல்லியம். 3.1516 என்று எழுதினால்? புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருக்கிறது, ஆனால் 3.14 அளவுக்குக்கூட உண்மைக்குப் பக்கத்தில் இல்லை. இலக்கம் கூடினாலே துல்லியம் கூடிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். நம் வீடுகளில் காய்ச்சல் பார்க்கும்போது சொல்லும் 98.6 இதற்கு நல்ல உதாரணம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் உடல் வெப்பத்துக்குத் தந்த சராசரி 37 டிகிரி செல்சியஸ். அந்த முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதால் வந்ததே அந்தப் புள்ளி ஆறு. உடம்பு அவ்வளவு கறாராக ஒரே எண்ணில் நிற்பதில்லை; ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் மாறும்.

அப்புறம், திரும்பத் திரும்ப ஒரே அளவு வருவதையும் துல்லியம் என்று எழுதுகிறார்கள். ஒரு கிலோ அரிசியை எத்தனை முறை வைத்தாலும் 1,050 கிராம் என்றே காட்டும் தராசு மாறாமல் அளக்கிறது, அவ்வளவுதான். இந்த மாறாத தன்மைக்கு இயற்பியல் பாடத்தில் 'நுட்பம்' என்ற தனிச்சொல் இருக்கிறது. நுட்பம் இருந்தும் துல்லியம் இல்லாத தராசு அது.

'துல்லியமாக மறுத்தார்' என்பதும் வேண்டாம். அங்கே அளக்க ஒன்றும் இல்லை. 'திட்டவட்டமாக' என்ற சொல் கையிலேயே இருக்கிறது. ஆனால் 'துல்லியமான படம்' என்று தெளிவைக் குறித்து எழுதினால் நான் அடிப்பதில்லை. அந்த வழக்கு நன்றாக ஊன்றிவிட்டது, பொருளிலும் குழப்பமில்லை.