நான்ஸ்டிக்கா, எவர்சில்வரா? வறுவல் சட்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யார் வீட்டு அடுப்படிக்குப் போனாலும் தோல் உரிந்த நான்ஸ்டிக் சட்டி ஒன்று கண்ணில் படும், அதற்குப் பக்கத்திலேயே "எல்லாம் அடிப்பிடிக்குது" என்று ஒதுக்கி வைத்த எவர்சில்வர் சட்டி ஒன்றும் இருக்கும். இரண்டுமே நல்ல சட்டிதான். நான்ஸ்டிக்கில் சம்பல் வதக்கியிருப்பார்கள், எவர்சில்வரில் சூடேறுவதற்கு முன்பே முட்டையை உடைத்து ஊற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம். அதனால் "எது நல்லது" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அதில் என்ன சமைக்கப் போகிறீர்கள், எவ்வளவு தீயில் சமைக்கப் போகிறீர்கள், அதை முதலில் யோசியுங்கள்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் சட்டி விற்கிறவர் எண்ணெயே விடாமல் முட்டை பொரித்து, சட்டியைச் சாய்த்து வழுக்கிக் காட்டுவார். "பாருங்கக்கா, ஒட்டவே ஒட்டாது" என்பார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் புதுசாக இருக்கும்போது எந்த நான்ஸ்டிக் சட்டியும் அப்படித்தான் வழுக்கும், அதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. சட்டியைக் கையில் வாங்கித் தூக்கிப் பாருங்கள், கனம் இருக்க வேண்டும். சமமான மேசையில் வைத்து ஒரு ஓரத்தை அழுத்துங்கள், ஆடினால் அடி வளைந்திருக்கிறது. பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். "மார்பிள்", "கிரானைட்" என்று விற்பவை பெரும்பாலும் அலுமினியச் சட்டிமேல் புள்ளி புள்ளியாகத் தெரியும் பூச்சுதான், கல்லில் குடைந்தது இல்லை. "பி.எஃப்.ஓ.ஏ. இல்லை" என்று அட்டையில் போட்டிருந்தால் டெஃப்லான் வகைப் பூச்சே கிடையாது என்று அர்த்தம் ஆகாது. பி.எஃப்.ஓ.ஏ. என்பது அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய ரசாயனம், அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2015-க்குள் அதை நிறுத்திவிட்டன. பூச்சு என்பது பி.டி.எஃப்.இ., அதாவது டெஃப்லான், 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது, இன்றைக்கும் பெரும்பாலான நான்ஸ்டிக் சட்டிகளில் இருப்பது அதுதான்.

அந்தப் பூச்சுக்குப் பெரிய எதிரி நம் வீட்டுத் தீ. கடுகு வெடிக்க வேண்டும், காய்ந்த மிளகாய் கருக வேண்டும், சம்பலில் எண்ணெய் பிரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் அடுப்பை முழுசாகத் திருகி வைப்பது நமக்குப் பழக்கம். சுமார் 260 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பூச்சு சிதையத் தொடங்கும், இன்னும் ஏறினால் புகை வரும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும். அந்தப் புகையை இழுத்தால் மனிதருக்குக் காய்ச்சல், நடுக்கம் வரலாம், பறவைகளோ செத்தே போகும். பின்கட்டில் கிளி, மெர்போக் புறா வளர்க்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள், கூண்டு அடுப்படிக்குப் பக்கத்தில்தான் தொங்கும். தயவுசெய்து அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நான்ஸ்டிக் என்றால் நடுத்தரத் தீ, சட்டியில் எண்ணெயாவது பொருளாவது இருக்க வேண்டும். வெளியே கெண்டூரி விருந்துச் சமையலுக்கு வைத்திருக்கும் ஹை பிரஷர் அடுப்பில் அதை ஏற்றவே கூடாது.

அப்புறம் இரும்புக் கரண்டி, கம்பி நார், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது, சுடச்சுட குழாயடியில் காட்டுவது, எல்லாமே அதன் ஆயுளைக் குறைக்கும். உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால் ஜீரணமாகாமல் வெளியே வந்துவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் உரிந்த சட்டியை வைத்துக்கொண்டு எண்ணெயை அதிகம் ஊற்றிச் சமாளிப்பதில் பிரயோசனமே இல்லை, தூக்கிப் போடுங்கள்.

சரி, எவர்சில்வருக்கு வருவோம். ஒட்டுகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவசரப்படுகிறவர்கள். கெம்போங் மீன் பொரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு தடவி ஊற வைத்த மீன் ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும், முதலில் அதைத் தட்டில் பரப்பிக் கொஞ்சம் காய விடுங்கள். வெறும் சட்டியை நடுத்தரத் தீயில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு 'ஸ்ஸ்' என்று உடனே வற்றினால் சூடு பத்தாது. முத்தாகத் திரண்டு சட்டி முழுக்க ஓட வேண்டும், அதுதான் பதம். தண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள், அது நெளிந்து மினுங்கும்போது மீனை வையுங்கள். வைத்த பிறகு தொடாதீர்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. முதலில் மீன் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், அடி சிவந்து மொறுமொறுப்பானதும் தானாகவே விடும். மூன்று நாலு நிமிடம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், வராவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். சுரண்டினால் தோல் சட்டியோடு போய்விடும்.

எவர்சில்வர் வாங்குவதில் பெரிய தவறு மெல்லிய ஒற்றைத் தகட்டுச் சட்டி வாங்குவது. எவர்சில்வர் சூட்டைச் சரியாகக் கடத்தாது, அலுமினியம் அதைப்போல 10 மடங்குக்கு மேல் கடத்தும். அதனால்தான் நல்ல சட்டிகளில் இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே அலுமினியம் வைக்கிறார்கள். அது அடியில் மட்டும் இருந்தால் விலை குறைவு, பக்கச் சுவர் வரை போனால் விலை கூடும். தினமும் குழம்பு, வறுவல் என்று சமைக்கிற வீட்டுக்கு அந்தக் கூடுதல் வெள்ளி வீண் போகாது. 18/10 என்று போட்டிருப்பது 18 விழுக்காடு குரோமியம், 10 விழுக்காடு நிக்கல் என்ற கணக்கு, துரு எதிர்ப்பைத்தான் சொல்கிறது, அடி எவ்வளவு கனம் என்று சொல்லாது. பிள்ளைகள் கோலாலம்பூரில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்தால் ஒரு காந்தம் கொண்டுபோய் அடியில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அந்த அடுப்பில் சூடே ஏறாது.

வாங்கிய பிறகு குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கொட்டி ஊற விடாதீர்கள், சின்னச் சின்னக் குழி விழும், தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடலாம். வானவில் நிறத்தில் கறை வந்தால் சட்டி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் வினிகர் விட்டுத் தேய்த்தால் போய்விடும்.

கல்யாணச் சீருக்குப் பத்துச் சாமான் செட் வாங்குவதையும் நான் தவறு என்றே சொல்வேன். அதில் பாதி அலமாரியை விட்டு இறங்காது. அந்தப் பணத்துக்கு முட்டைக்கென்று ஒரு சின்ன நான்ஸ்டிக் சட்டி, சாதாரண விலையில், ஏனென்றால் அது எப்படியும் தேயப் போகிறது. மீன், கோழி, சம்பலுக்கு அடிக்கனமான 28 சென்டிமீட்டர் எவர்சில்வர் சட்டி ஒன்று. தோசைக்கு இந்த இரண்டும் வேண்டாம். வீட்டில் பழைய இரும்புக் கல் இருந்தால் எடுத்துத் துரு போகத் தேய்த்து, காயவைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நன்றாகத் தேய்த்துச் சுடுங்கள். முதல் இரண்டு மூன்று தோசை பிய்ந்து வந்தால் வரட்டும்.