சேகரிப்பாளர்களுக்கு ஏலப் பட்டியல் போடுவது எப்படி? (கூகுள் ஷீட் போதும்)

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? ஏலம் கூறுபவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். கூடையோடு நிற்கும் அம்மா அதைக் காதில் வாங்காதது மாதிரி குனிந்து, வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருந்தால்தான் வாயைத் திறப்பார். ஆன்லைனில் பழைய நாணயம் வாங்குகிறவருக்கு ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்க்க நேரம் ஏது? ஆயிரக்கணக்கில் லாட்டுகள் (ஏலத்தில் தனி எண் போட்டு விற்கும் உருப்படிகள்) ஓடுகின்றன. அவருக்காக முன்கூட்டியே பார்த்து, தேறியதை மட்டும் வரிசையாகப் போட்டுக் கொடுப்பதுதான் இந்த வேலை.

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். எங்கள் நாணயக் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர், ராயபுரத்திலிருந்து பெரம்பூர் வரை சிதறி இருக்கிறோம். பழைய சாமான்களுக்குப் பேர்போன, 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு வாய்த்தது அதற்குப் பதிலாக வந்த அல்லிக்குளம் கடைகள். இப்போது தேடல் முக்கால்வாசி போனில்தான். ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் தட்டிவிடுவார்கள். நாற்பது லிங்க் சேர்ந்ததும் ஒருவரும் திறக்க மாட்டார்கள். அந்தக் குப்பையை ஒழுங்குபடுத்தத்தான் ஒரு பட்டியல் ஆரம்பித்தேன். கோடிங் ஒன்றும் தெரிய வேண்டாம். ஒரு ஜிமெயில் கணக்கு, முடிந்தால் ஒரு லேப்டாப், தினமும் அரை மணி நேரம். அவ்வளவுதான்.

1. முதலில் வேலி போடுங்கள்

"பழைய நாணயங்கள்" என்று ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் கை வலித்து விட்டுவிடுவீர்கள். வேலி சின்னதாக இருக்க வேண்டும். எங்களுடையது, மெட்ராஸில் புழங்குவதற்காகக் கிழக்கிந்திய கம்பெனி அடித்த காசுகள். தங்கசாலை என்ற பெயரே அங்கிருந்த நாணயச்சாலையால் வந்தது; அந்தத் தெருவைத் தாண்டித்தான் எங்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறோம். அதனால் இந்தப் பித்து.

இதிலும் ஒரு குறிப்பிட்ட சரக்கின் மேல் எங்களுக்குத் தனிக் கண். 1808 என்று வருடம் போட்ட 10 காசு, 20 காசு செம்பு நாணயங்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் சோஹோ நாணயச்சாலையில் அடித்து, மெட்ராஸுக்கென்று 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது. 1980-களில் முங்கு நீச்சல்காரர்கள் அந்தக் காசுகளை எடுத்த பிறகு, அவை உலகம் முழுக்க ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. நம்ம ஊருக்கு வர வேண்டிய சில்லறை, 200 வருடம் தாமதமாக ஒவ்வொன்றாக வருகிறது என்று எங்களுக்குள் ஒரு கேலி.

உங்கள் வேலி தீப்பெட்டி லேபிளாக இருக்கலாம், பழைய ரயில் அட்டை டிக்கெட்டாக இருக்கலாம். ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

2. தேடலைச் சேமித்து வையுங்கள்

ஈபே போன்ற தளங்களில் தேடும் சொல்லைச் சேமித்து வைத்தால், புதிதாக ஒன்று வந்ததும் மின்னஞ்சல் வரும். ஈபேயின் இந்தியத் தளம் 2018-லேயே மூடியாகிவிட்டது. அமெரிக்க, பிரிட்டன் தளங்களில் தேடுங்கள். நாணய ஏல நிறுவனங்களின் கேட்லாக்குகளை ஒரே இடத்தில் பார்க்க நியூமிஸ்பிட்ஸ் மாதிரி தளங்கள் இருக்கின்றன.

விற்கிறவர் எப்படியெல்லாம் தப்பாக எழுதுவார் என்று யோசித்துத் தேடுவதுதான் இதில் சூட்சுமம். ஒருவர் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்பார், இன்னொருவர் 'கப்பல் நாணயம்' என்பார், மூன்றாமவர் கார்ட்னரில் ஒரு எழுத்தை முழுங்கியிருப்பார். அந்த மூன்றாமவரிடம்தான் போட்டி குறைவு. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அது வரும் லிஸ்டிங் (விற்பனை விளம்பரம்) எல்லாம் விலகும். 'நகல்', 'காப்பி' என்பதற்கான ஆங்கிலச் சொற்களை இப்படிக் கழித்துவிடுங்கள். பாதி குப்பை அங்கேயே போய்விடும்.

3. ஷீட்டில் என்னென்ன கட்டம்?

கூகுள் ஷீட்ஸில் புது ஃபைல் திறந்ததும், ஒரு எழுத்துகூட அடிக்காமல் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போங்கள். லொக்கேல் இந்தியா, டைம் ஸோன் கொல்கத்தா. இது அமெரிக்காவாக இருந்தால், நீங்கள் ஏப்ரல் 3 என்று நினைத்து அடிக்கும் 03/04 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும்.

கட்டங்கள் இவை: பொருள், ஏலதாரர் (ஏலம் நடத்துபவர்), லாட் எண், ஆரம்ப விலை, இப்போதைய கேட்பு (இதுவரை கேட்ட உச்ச விலை), முடியும் நேரம் (அவர்கள் ஊர்), நேர வித்தியாசம், முடியும் நேரம் (நம்ம ஊர்), என் குறிப்பு, லிங்க். அதற்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் மாதம் நான் இருபத்திரண்டு கட்டம் வைத்திருந்தேன். பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தது.

நேரத்துக்கு மூன்று கட்டமா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரு மார்ச் கடைசி. பிரிட்டன் ஏலம் ஒன்றில் நல்ல 20 காசு வந்திருந்தது. ஞாயிறு இரவு 7 மணிக்கு முடிகிறது. லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று மனக்கணக்குப் போட்டு, நம்ம நேரம் நள்ளிரவு 12.30 என்று பட்டியலில் எழுதினேன். ராயபுரத்து அண்ணன் ஒருவர் டீ போட்டுக் குடித்துவிட்டு 12 மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். ஏலம் 11.30-க்கே முடிந்துவிட்டது. மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து வித்தியாசம் நாலரை மணி நேரம்தான். அது சரியாக அந்த ஞாயிறு. காலையில் போன் வந்தது: "இன்னா தம்பி, பன்னெண்டரைன்னு போட்ட? கடையையே மூடிட்டுப் போய்ட்டானுங்க!" பதில் சொல்ல வாயில்லை.

அதனால்தான் இப்போது மனக்கணக்கே கிடையாது. அவர்கள் பக்கத்தில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே ஒரு கட்டத்தில் அடிக்கிறேன். வித்தியாசத்தைப் பக்கத்துக் கட்டத்தில் எண்ணாக அடிக்கிறேன்: பிரிட்டனுக்குக் கோடையில் 4.5, குளிர்காலத்தில் 5.5, கலிஃபோர்னியா நேரத்துக்குக் கோடையில் 12.5, குளிரில் 13.5. மூன்றாவது கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தைச் சொடுக்கி, கூட்டல் குறி, இரண்டாவது கட்டத்தைச் சொடுக்கி, கடைசியில் /24 என்று அடித்தால் நம்ம நேரம் வந்துவிடும். விடை ஏதோ ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். ஃபார்மட் மெனுவில் தேதி-நேரம் என்று மாற்றுங்கள். அமெரிக்காவில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாவது ஞாயிறு, திரும்பி வருவது நவம்பர் முதல் ஞாயிறு. பிரிட்டனில் திரும்புவது அக்டோபர் கடைசி ஞாயிறு. இந்த நாலு ஞாயிறையும் காலண்டரில் சுழித்து வையுங்கள்.

சில தளங்கள் தாங்களாகவே உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். அப்போது வித்தியாசம் 0. எந்த ஊர் நேரம் என்று பார்க்காமல் எதையும் அடிக்காதீர்கள். அப்புறம், நேரடியாகக் கூறி நடக்கும் ஏலத்தில் 412-வது லாட் எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஆரம்ப நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

4. 'என் குறிப்பு'

பட்டியலின் உயிர் இந்தக் கட்டம்தான். மற்றதை எல்லாம் ஏலப் பக்கத்தைப் பார்த்து அடித்துவிடலாம். இதை நீங்கள்தான் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் விற்பவரின் வர்ணனையையே தமிழில் எழுதிவைப்பார்கள்:

"மெட்ராஸ் 20 காசு. மிக அரிய கப்பல் நாணயம். தவறவிடாதீர்கள்!"

இதில் வாங்குகிறவருக்கு என்ன கிடைத்தது? அதே நாணயத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"1808, 20 காசு, செம்பு. முன்புறம் சிங்கங்கள் தெளிவு. பின்புறம் பாரசீக எழுத்தின் கீழே உப்பு அரித்த குழிகள். விளிம்புப் படம் இல்லை, கேட்டிருக்கிறேன். தரச்சான்று இல்லை. இதே தரம் போன மாதம் இதைவிடக் குறைவாகப் போனது."

இதுதான் செவுளைத் தூக்கிப் பார்ப்பது. அட்மிரல் கார்ட்னர் சரக்கு கணிசமாக வெளியே இருக்கிறது. அதை 'மிக அரிய' என்று சொல்பவர் விற்பவராகத்தான் இருப்பார். கடலடியில் கிடந்தும் கூர்மை கெடாதவை உண்டு, தேய்ந்த பொத்தான் மாதிரி ஆனவையும் உண்டு. விலையைத் தீர்மானிப்பது அந்த வித்தியாசம்தான். பளபளவென்று இருந்தால் யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கலாம். சேகரிப்பாளர் கணக்கில் அது குறை. சந்தேகம் இருந்தால் 'சுத்தம் செய்தது போலத் தெரிகிறது' என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி மட்டும் எழுதாதீர்கள்.

படத்தைத் தரவிறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்ற வேண்டாம். அது ஏலதாரர் எடுத்த படம். லிங்க் கொடுங்கள், போதும்.

5. எதைச் சேர்க்கக் கூடாது

1818 என்று வருடம் போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் 'கிழக்கிந்திய கம்பெனி ஒரு அணா' உங்கள் கண்ணில் பட்டே தீரும். கம்பெனி அப்படி ஒரு நாணயம் அடிக்கவே இல்லை. பின்னாளில் யாரோ செய்த வில்லைகள். லட்ச ரூபாய் என்று விலை போட்டிருப்பான். அதை எடுத்துப் போட்டால் அன்றோடு உங்கள் பட்டியலின் மானம் போகும்.

'உங்கள் பழைய 5 ரூபாய்க்கு லட்சங்கள், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று வருவதும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. உள்ளூரில் வியாபாரமாகச் செய்யவும் உரிமம் வேண்டும். லண்டனிலிருந்து ஒரு 1808 காசை வாங்கி வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுவந்துவிட்டால், பிடிக்கவில்லை என்று திருப்பி வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப முடியாது. இதைப் பட்டியலின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து வெளியூருக்கு அனுப்புவதாகச் சொல்லும் பழைய நாணய லிஸ்டிங்குகளை நான் சேர்ப்பதே இல்லை.

6. மொத்தம் எவ்வளவு ஆகும்?

கேட்ட விலை வேறு, கையை விட்டுப் போகும் பணம் வேறு. ஒரு உதாரணத்துக்கு, சுத்தியல் விலை (ஏலம் முடிந்த விலை) 4,000 ரூபாய், வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம், கமிஷன் மேல் வரி 18 சதவீதம், கூரியர் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 + 800 + 144 + 150, ஆக 5,094. ஒவ்வொரு ஏலதாரருக்கும் சதவீதம் மாறும், விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். வெளிநாடு என்றால் சுங்கவரியும் சேரலாம். கமிஷன் எவ்வளவு என்பதையாவது குறிப்பில் எழுதிவிடுங்கள்.

7. இணையப் பக்கமாக்குவது

கூகுள் சைட்ஸில் புதுப் பக்கம் திறந்து, இன்சர்ட் பகுதியில் ஷீட்ஸைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஷீட்டின் ஷேர் பட்டனில் 'லிங்க் உள்ள யாரும்' என்பதைப் 'பார்வையாளர்' என்று வையுங்கள். 'எடிட்டர்' என்று வைத்துவிட்டால், யாராவது விரல் தவறி ஒரு வரியை அழித்துவிட்டு, தனக்குத் தெரியாது என்பார்.

போனில் பார்க்கிறவர்களே அதிகம் என்பதால் பொருள், நம்ம நேரம், என் குறிப்பு, லிங்க் இந்த நாலும் முதலில் வரட்டும். நம்ம நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். சீக்கிரம் முடிவது மேலே. நீங்களே கேட்கப்போகும் உச்ச விலையை இந்த ஃபைலில் எங்கேயும் எழுதாதீர்கள். கட்டத்தை மறைத்தாலும், பார்க்கிறவர் ஒரு பிரதி எடுத்தால் திறந்து பார்த்துவிடலாம். அதற்குத் தனி ஃபைல். பட்டியலில் உங்கள் சொந்தப் பொருளோ, கமிஷன் வரும் லிங்கோ இருந்தால் அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். வட சென்னையில் இந்த மாதிரி விஷயம் பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

8. முடிந்ததை அழிக்காதீர்கள்

இரவு சாப்பாடு முடிந்ததும் முடிந்துபோன வரிகளை வெட்டி, 'முடிந்தவை' என்ற தனி டேபில் (அதே ஃபைலில் இன்னொரு தாள்) ஒட்டி, என்ன விலைக்குப் போனது என்பதை மட்டும் சேர்க்கிறேன். விலை போகாமல் திரும்பியதையும் எழுதுகிறேன். ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பார்க்க ஃபில்டர் இருக்கிறது, ஆனால் பழைய விற்பனை சில மாதத்தில் காணாமல் போய்விடும். அதற்குள் எடுத்து எழுதிவிட வேண்டும்.

அண்ணன் தவறவிட்ட அந்த 20 காசும் அந்த டேபில் இருக்கிறது, 38 பவுண்டு என்று. இரண்டு மாதம் கழித்து அதே தரத்தில் இன்னொன்று வந்தபோது, எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. டேபைத் திறந்து பார்த்தார். நேரத்தை மட்டும் போன் போட்டு இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.