அழுத்தமும் அதன் அலகுகளும்: டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 220 கிலோபாஸ்கல் என்று பார்த்துக் காற்றடித்த டயர், உயரமான ஜோகன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்து ஆறிய பின் ஏறத்தாழ 238 காட்டினால், அளவி பழுது என்று எண்ண வேண்டாம். அந்த 18 எங்கிருந்து வந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே அழுத்தம்; ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பது ஒரு பாஸ்கல். 10 கிலோ அரிசிப் பையின் எடை சுமார் 98 நியூட்டன். அதை 0.1 சதுர மீட்டர் பரப்பில் படுக்க வைத்தால் 980 பாஸ்கல், 0.02 சதுர மீட்டர் விளிம்பில் நிறுத்தினால் 4,900 பாஸ்கல். எடை மாறவில்லை, பரப்புதான் சுருங்கியது.

இரண்டாம் படி: அலகுகள். பாஸ்கல் மிகச் சிறியது என்பதால் கிலோபாஸ்கலில் (1,000 பாஸ்கல்) கணக்கிடுகிறோம். 100 கிலோபாஸ்கல் ஒரு பார், ஒரு பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) ஏறத்தாழ 6.9 கிலோபாஸ்கல். பெட்ரோல் நிலையத்தில் பெரியவர்கள் "32 வையுங்கள்" என்பது பி.எஸ்.ஐ. கணக்கு, அதுவும் 220 கிலோபாஸ்கலும் 2.2 பாரும் ஒன்றே.

மூன்றாம் படியே முக்கியமானது, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: அளவியின் பூச்சியம் எது? டயர் அளவி, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும். கடலோர டர்பனில் வெளிக்காற்று சுமார் 101 கிலோபாஸ்கல்; ஆகவே டயருக்குள் உண்மையில் இருப்பது 321. சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் வெளிக்காற்று ஏறத்தாழ 83தான். வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால், 321இல் 83 போக 238. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பதை 1648இல் பிரான்சின் புய் தே தோம் மலைமேல் பாதரசக் குழாயோடு ஏறி மெய்ப்பித்தவர் பெரியே. அவரை அனுப்பியவர், அலகுக்குப் பெயர் தந்த அறிவியலாளர் பாஸ்கல்.

இங்கே ஓர் எச்சரிக்கை: வானிலைச் செய்தி ஜோகன்னஸ்பர்க்குக்கு 1,020 ஹெக்டோபாஸ்கல், அதாவது 102 கிலோபாஸ்கல், என்று சொன்னால், அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொன்ன எண், மேலே செய்த கணக்கில் அதைப் போடக் கூடாது.

கார் நிறுவனம் தரும் எண்ணும் அளவியில் தெரிய வேண்டிய எண்ணே. ஆகையால் நெடும்பயணம் முடிந்த சூட்டோடு காற்றை இறக்காமல், டயர் நன்றாக ஆறிய பின் 220க்குச் சரிசெய்யுங்கள்.

பயிற்சிக்கு இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133.3 பாஸ்கல், எனவே 120 என்பது சுமார் 16 கிலோபாஸ்கல், இதுவும் வெளிக்காற்றுக்கு மேலான கூடுதல்தான். 80க்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.