கடைசல் இயந்திரத்திற்கு மரத்தாலேயே ஒரு சக் செய்வது எப்படி?

சிறிய கிண்ணம், டப்பா மூடி போன்றவற்றைக் கடையும்போது, அவற்றின் அடிப்பக்கத்தில் விட்டிருக்கும் உருளை வடிவக் குமிழைக் கவ்விப் பிடிக்க ஒரு சக் தேவைப்படுகிறது. இயந்திரத்துடன் வரும் ஃபேஸ்பிளேட் (மரத்தைத் திருகிப் பொருத்தும் துளைகளுள்ள தட்டு), ஒரு கடினமரக் கட்டை, ஒரு ஹோஸ் கிளாம்ப் (குழாய்களை இறுக்கும் திருகு வைத்த வளையம்) ஆகிய மூன்றும் இருந்தால் அதை நாமே செய்துகொள்ளலாம். எந்த ஸ்பிண்டிலில் (இயந்திரத்தின் சுழலும் தண்டில்) ஓடப்போகிறதோ அதிலேயே வைத்துக் கடைவதால், அதன் மையம் மிகத் துல்லியமாக அமையும்.

முதலில் கட்டை. நன்கு காய்ந்த, முடிச்சும் வெடிப்பும் இல்லாத மரத்தில் 90 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நார் ஸ்பிண்டிலின் திசையிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் முதலில் செய்த சக்கில் நார் குறுக்காக இருந்ததால், கிளாம்பை இறுக்கியவுடனேயே சக்கின் இரண்டு ‘விரல்கள்’ (குமிழைக் கவ்வும் மரப் பிளவுகள்) அடியோடு ஒடிந்துவிட்டன.

நார் நீளவாக்கில் இருக்கும்போது ஃபேஸ்பிளேட்டின் திருகுகள் மரத்தின் வெட்டுமுனையில் இறங்குகின்றன; அங்கே பிடிப்பு குறைவு. ஆகவே 40 மி.மீ. நீளமுள்ள தடித்த திருகுகளை, சிறு துளை போட்டுக்கொண்டு, தட்டின் எல்லாத் துளைகளிலும் முடுக்குங்கள். பின்னர் அவற்றைக் கழற்றி, துளைகளுக்குள் சூப்பர் குளூ சில சொட்டுகள் விட்டு, முழுவதும் காய்ந்த பிறகு மீண்டும் முடுக்கினால் பிடிப்பு கூடும்.

முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் அணிந்து, டெயில்ஸ்டாக்கால் (ஸ்பிண்டிலுக்கு எதிர்முனையில் உள்ள தாங்கியால்) முட்டுக் கொடுத்து, குறைந்த வேகத்தில் கட்டையை உருட்டிக் கடையுங்கள். பின்பகுதியில் 45 மி.மீ. நீளத்தை அப்படியே தடிமனாக விட்டு, முன்பகுதியை 60 மி.மீ. விட்டத்திற்குக் குறைத்து, முன்விளிம்பிலிருந்து சற்று உள்ளே கிளாம்ப் உட்காரும் அகலத்தில் 2 மி.மீ. ஆழப் பள்ளம் எடுங்கள்.

அடுத்து முன்முகத்தின் நடுவில் 40 மி.மீ. விட்டமும் 50 மி.மீ. ஆழமும் உள்ள குழியைக் குடையுங்கள். குழியின் சுவர் வாய் முதல் அடிவரை ஒரே விட்டமாக இருக்க வேண்டும். விட்டம் அளக்கும் காலிப்பரின் உட்கவ்வியை வாயிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். வாயை விட உள்ளே குறுகலாக இருந்தால், குமிழை உள்விளிம்பு மட்டுமே பிடிக்கும், கடையும் பொருள் ஆடும். அவசரப்படாமல் ஸ்க்ரேப்பரால் சிறிது சிறிதாகச் சுரண்டிச் சரிசெய்வதே நல்லது.

இயந்திரத்தை நிறுத்தி, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, சுற்றளவை எட்டாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முன்விளிம்பிலிருந்து 40 மி.மீ. தள்ளி, ஒவ்வொரு கோட்டிலும் சுவரைத் துளைத்துச் செல்லும் 6 மி.மீ. துளை போடுங்கள். பிறகு எதிரெதிர்க் கோடுகளை இணைத்து, முன்னிருந்து துளைவரை ரம்பத்தால் அறுத்தால், நான்கே அறுப்பில் எட்டு விரல்கள் கிடைக்கும். அறுப்பின் முடிவில் உள்ள அந்த உருண்டைத் துளைதான், வெடிப்பு மேலும் ஓடாமல் தடுக்கிறது.

கடைசியாகப் பொருளின் குமிழைக் குழியின் விட்டத்தை விட அரை மில்லிமீட்டர் குறைவாகக் கடைந்து, குமிழை ஒட்டி அகன்றிருக்கும் தோள்பகுதி சக்கின் முகத்தில் படியும்வரை உள்ளே செலுத்தி, கிளாம்பை இறுக்குங்கள். கிளாம்பின் திருகு வெளியே நீட்டிக்கொண்டு சுழலும் என்பதால் அதன்மேல் டேப்பை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடுங்கள். உங்கள் கைவிரல்களை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். இயந்திரத்தை இயக்குமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எதுவும் டூல் ரெஸ்டில் (உளியைத் தாங்கும் பகுதியில்) தட்டவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கை ஃபேஸ்பிளேட்டிலிருந்து ஒருபோதும் பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே கழற்றி வைத்தால், அடுத்த முறையும் மையம் மாறாது.