எந்த புரொஜெக்டுக்கு எந்த ஆள்? புதியவர்களுக்கு ஒரு வழிமுறை

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஐடி நிறுவனத்தில், வாடிக்கையாளர் புரொஜெக்டுகளுக்கு ஆள் ஒதுக்குவது என் வேலை. நீங்களும் இதற்குப் புதிதாக வந்திருந்தால் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் போதும்.

முதல் படி, திறன் பட்டியல். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒருமுறை ஷா ஆலாம் வாடிக்கையாளர் ஒருவர் எஸ்ஏபி (நிதி, கிடங்கு என்று பல பகுதிகள் கொண்ட நிறுவன நிர்வாக மென்பொருள்) தெரிந்தவர் வேண்டும் என்றார். பட்டியலில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 'எஸ்ஏபி' என்று இருந்தது, அனுப்பிவிட்டேன். அவர் ஆறு வருடமாகப் பார்த்தது நிதிக் கணக்கு. அங்கே தேவைப்பட்டதோ கிடங்கு நிர்வாகம். மதியமே போன் வந்தது. "அண்ணா, இந்தத் திரையை நான் பார்த்ததே இல்லை" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவரை அப்படி நிறுத்தியது என் பட்டியல்தான்.

அதனால் ஒவ்வொரு திறனுக்கும் எந்தப் பகுதி, எந்த அளவு, கடைசியாக எந்த ஆண்டு, எந்த புரொஜெக்டில் என்று எழுதுங்கள். அளவுக்கு நான் வைத்திருப்பது இது: பயிற்சி மட்டும் எடுத்தவர் 1, துணை இருந்தால் செய்பவர் 2, தனியாகச் செய்பவர் 3, மற்றவருக்குச் சொல்லித் தருபவர் 4. ஊழியரும் மேனேஜரும் சேர்ந்து உட்கார்ந்து எண் போடட்டும். தனியாகப் போடச் சொன்னால் அடக்கமானவர்கள் தங்களைக் குறைத்தே போடுவார்கள்.

அடுத்து வாடிக்கையாளர். 'சீனியர் ஒருவர்' என்று கேட்டால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். என்ன வேலை, எந்தத் தேதி முதல், வாரம் எத்தனை மணி, எது கட்டாயம் என்று கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் மணிக்கணக்கு. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் உச்சவரம்பு வாரம் 45 மணி நேரம். எங்கள் அலுவலகத்தில் 40. நான்கு வாரத்துக்கு 160. தைப்பூசத்துக்கு 8, சொந்த விடுப்புக்கு 16, பயிற்சிக்கு 8 கழித்தால் 128. ஏற்கெனவே 96 மணி ஒதுக்கியிருந்தால், கொடுக்க மிச்சம் 32 மணிதான். தைப்பூசம் இங்கேயும் பினாங்கிலும் பொது விடுமுறை, கூச்சிங்கில் கிடையாது. ஊர் பார்த்துக் கழியுங்கள்.

இப்போது இரண்டு மூன்று பெயர்கள் தேறும். வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் அவர்களிடமே பேசுங்கள். இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ்காரரை வாராவாரம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தாண்டி இங்கே வரச் சொல்வதற்கு முன், வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டாமா? அவர் சரி என்ற பிறகே பெயரைத் தற்காலிகமாகக் குறியுங்கள். ஒரு வாரத்தில் வாடிக்கையாளர் உறுதி செய்யாவிட்டால் விடுவித்துவிடுங்கள்.

பொருத்தமான 3 கிடைக்காவிட்டால், ஒரு 2-ஐ ஒரு 4-உடன் சேர்த்து அனுப்பலாம். அந்தப் பெண்ணைப் பிறகு அப்படித்தான் ஒரு கிடங்கு புரொஜெக்டுக்கு அனுப்பினேன். இப்போது அந்த வரிசையில் அவர் பெயருக்கு நேரே 3 இருக்கிறது.