ரப்பர் செடி இலை கொட்டுதா? முதல்ல தண்ணி ஊத்துறத நிறுத்துங்க

நான் இருக்கிறது சிங்கப்பூர்ல. போன வருஷம் 28 வெள்ளி குடுத்து ஒரு ரப்பர் செடி வாங்கினேன். இடுப்பு உயரம், கருஞ்சிவப்பா பளபளன்னு இலை, பர்கண்டி ரகம்னு சொன்னாங்க. ஹால்ல டிவி பக்கத்துல வச்சதும் வீட்டுக்கே ஒரு களை வந்துருச்சு. மூணே வாரம், பதினோரு இலை கொட்டிருச்சு. இப்ப அதே செடி என் தோள் உயரத்துக்கு ரெண்டு கிளையோட நிக்குது. நடுவுல நான் அடிச்ச கூத்த நீங்களும் அடிக்க வேணாம்னுதான் இத எழுதுறேன்.

இடம்

இதுல பெருசா ஒண்ணுமில்ல. ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் வேணும், ஆனா மேற்கு பாத்த வீடா இருந்தா மூணு மணி வெயில் நேரா இலையில விழ விடாதீங்க, கருகிடும். ஏர்கான் காத்து மூஞ்சில அடிக்கிற இடமும் வேணாம். வீட்டுக்கு வெளிய பொதுக் காரிடார்ல வைக்கிறவங்க நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு வைங்க, தீ பாதுகாப்பு விதி அது. ஒரு இடத்துல வச்சா வச்சதுதான், சும்மா சும்மா மாத்தினா கோவிச்சுக்கிட்டு இலைய உதுத்துரும்.

தொட்டி

நான் மாட்டினது இங்கதான். நர்சரி பிளாஸ்டிக் தொட்டி அசிங்கமா இருக்குன்னு வெள்ளைப் பீங்கான் தொட்டி ஒண்ணு வாங்கி அதுக்குள்ள அப்படியே இறக்கி வச்சேன், அதுக்கு அடியில ஓட்டை கிடையாது. வாரத்துக்கு மூணு தடவ தண்ணி ஊத்துறேன், மேல் மண்ணு காஞ்சு வெடிச்சுக் கிடக்கு, கீழ் இலை மஞ்சளாகி விழுது, சரி தண்ணி பத்தலைன்னு இன்னும் ஊத்தினேன். ஒருநாள் செடியத் தூக்கிப் பாத்தா வெள்ளைத் தொட்டிக்குள்ள நாலு விரக்கடை தண்ணி, சாக்கடை நாத்தம், உத்துப் பாத்தா கொசுப்புழு நெளியுது! டெங்கி பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயம் அளவு தண்ணி போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். நான் குளமே வெட்டி வச்சிருக்கேன்.

பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி தொட்டியக் கழட்டினேன். பாதி வேரு கறுத்துப்போயி, இழுத்தா தோல் தனியா உரிஞ்சு உள்ள இருக்கிற நூலு மட்டும் மிச்சம். நல்ல வேரு கெட்டியா வெளிர் நிறமா இருக்கும், கையில வராது. அழுகினத எல்லாம் வெட்டித் தள்ளினேன். ஆனா நடுவுல களிமண் உருண்டை ஒண்ணு செங்கல் மாதிரி இறுகி, உள்ள காஞ்சு கிடக்கு! ஊத்தின தண்ணி அதுக்குள்ள போகாம ஓரமா வழிஞ்சு நேரா கீழ போயிருக்கு, நடு வேரு தாகத்துல சாகுது, அடி வேரு வெள்ளத்துல சாகுது. அந்த உருண்டைய ஒரு வாளித் தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு சாப்ஸ்டிக்கால மெதுவா குத்தி உதுத்து விட்டேன்.

புது மண்ணுக்கு என் கணக்கு: செடி மண் ரெண்டு பங்கு, பெர்லைட் (தண்ணி வடியிறதுக்குப் போடுற வெள்ளை லேசுக் கல்லு) ஒரு பங்கு, தேங்கா மட்டைத் துண்டு ஒரு பங்கு. தொட்டி பழசவிட ரெண்டு இஞ்ச் அகலம் போதும், என்னைய மாதிரி வேர வெட்டியிருந்தா அதே அளவுதான். பெரிய தொட்டியில வேரு குடிக்காத ஈரம் அப்படியே தங்கிடும். பீங்கான் தொட்டி ஆசை இருந்தா வச்சுக்கோங்க, ஆனா சிங்க்ல வச்சு தண்ணி ஊத்தி, முழுசா வடிஞ்சப்பறம் உள்ள இறக்குங்க.

தண்ணி

12 வெள்ளிக்கு ஈரம் பாக்கிற மீட்டர் வாங்கினேன், தண்டம், காஞ்ச மண்ணுலயும் ஈரம்னு காட்டுச்சு. சாத்தே (குச்சியில குத்திச் சுட்ட கறி) சாப்பிட்ட குச்சியக் கழுவி வச்சுக்கோங்க, அதவிட நல்ல கருவி கிடையாது. தொட்டி ஓரமா அடிவரைக்கும் குத்தி, பத்து நிமிஷம் கழிச்சு உருவுங்க. பாதிக்குக் கீழ மட்டும் கறுப்பா ஈரம் ஒட்டியிருந்தா தண்ணி ஊத்தலாம், மேல வரைக்கும் ஒட்டியிருந்தா போயி வேற வேலையப் பாருங்க. ஆன்லைன்ல குளிர்காலத்துல தண்ணியக் குறைன்னு போட்டிருப்பான், நமக்கேது குளிர்காலம்? டிசம்பர் ஜனவரி அடைமழையில மண்ணு காய லேட்டாகும், அவ்வளவுதான், குச்சியே சொல்லிடும்.

இலைய மாசம் ரெண்டு தடவ ஈரத் துணியால துடைங்க. அப்பாயி தேங்கா எண்ணெய் தடவச் சொன்னாங்க, தடவினேன், ரெண்டே நாள்ல புகைமூட்டத் தூசி மொத்தமும் அதுல அப்பிக்கிச்சு. கோப்பித் தூளும் போடாதீங்க, பூஞ்சைதான் வரும். நுனியில சிவப்பா உறை ஒண்ணு காஞ்சு விழும், அது புது இலை சுத்தியிருந்த போர்வை, பயப்படாதீங்க.

நுனி வெட்டு

வெட்டாம விட்டா ஒத்தக் கம்பா கூரையத் தொட்டுரும். இது லேசுப்பட்ட மரமில்ல, மேகாலயாவுல இதோட வேரப் பின்னி வளத்துத்தான் ஆத்துக்குக் குறுக்க உயிர்ப்பாலம் போடுறாங்க. கணுவுக்குக் கொஞ்சம் மேல ஒரே வெட்டு, கீழ கிளை வெடிக்கும். கையுறை கட்டாயம், வெட்டின இடத்துல வடியிற பால் பட்டா சிலருக்கு அரிக்கும். கீழ நியூஸ்பேப்பர் விரிங்க, டைல்ஸ்ல காஞ்சா சுரண்டணும்.

நான் வெட்டினப்ப பால் சொட்டுறதப் பாத்துட்டு அப்பாயி கிட்ட வந்தாங்க. மலேசியாவுல, ஜொகூர்ல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின கை. விரல்ல தொட்டு உருட்டிப் பாத்துட்டு, "அடி போடி, இதா ரப்பர் மரம்? ரப்பருக்கு இலை மூணு மூணா இருக்கும், காய் பட்டுன்னு வெடிக்கும். இது ஆலமரத்துச் சாதிடி"ன்னாங்க. தேடிப் பாத்தா அவங்க சொன்னது அப்படியே சரி, இது ஆல், அரசு, அத்தி குடும்பம். அவங்க வெட்டினது பிரேசில் மரம், 1877ல 22 கன்னா நம்ம பூமலைக்கு, அதான் பொட்டானிக் கார்டனுக்கு, வந்து சேந்தது. நம்ம செடியிலயும் ஒரு காலத்துல ரப்பர் எடுத்திருக்காங்க, ஆனா பிரேசில் மரத்துக்கு முன்னாடி நிக்க முடியல.

பின்சேர்க்கை: கமெண்ட்ல ரெண்டு பேர் வெட்டின நுனி வேர் விடுமான்னு கேட்டிருந்தாங்க. விடும். பால் நிக்கிற வரைக்கும் ஓடுற தண்ணியில காட்டிட்டு, ரெண்டு இலைய மட்டும் விட்டுட்டு, பாட்டில் தண்ணியில நிறுத்துங்க, வேர் வர ஒரு மாசம் கூட ஆகலாம். ஆனா அந்தத் தண்ணிய ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தணும், பாட்டில் உள்பக்கத்தையும் தேச்சுக் கழுவணும், முட்டை சுவத்துலதான் ஒட்டியிருக்கும். எங்க வீட்டுல அந்த டியூட்டி அப்பாயிக்கு.